உட்கார்ந்தே கரையலாம்

கதவு திறப்பது ஏழு மணிக்கு. ஐந்தரைக்கே வரிசை லிப்ட் வாசலில் தொடங்கி, தெருவுக்கு வந்து, பழக்கடையைச் சுற்றிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே அகலமான படிக்கட்டு காலியாகக் கிடந்தது. போக வேண்டியதோ இரண்டாம் மாடிதான். ஆனால் உடம்பு இளைக்க வந்தவர்கள் படியேறுவார்களா? அவ்வளவு விவரம் கெட்டவர்களா அவர்கள்?

மாடியில் முன்பு மேசை நாற்காலி விற்ற கூடம் இருந்தது. கடை நொடித்துப்போய் நாற்காலிகள் மட்டும் மிஞ்சின. அந்த நாற்காலிகளை வைத்தே ஊரை இளைக்கவைக்க ஒருவர் கிளம்பியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, ஊர் அவரை மாஸ்டர் என்றது. எதில் மாஸ்டர் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் பெரிய பலகை: ‘ஓடாதே! ஆடாதே! உட்கார்ந்தே கரையலாம்!’

வித்தை இதுதான். முன்வாசலில் ஆளுயரத் தராசு ஒன்று. அதன் முகத்தில் சிவப்பு வெல்வெட் திரை. ஏறி நின்றதும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் திரையை விலக்கி எடையைக் குறிப்பார். பிறகு நாற்பது நிமிஷம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார வேண்டும். மாஸ்டர் நடுவில் கையை வீசிக்கொண்டு நடப்பார். ஜன்னல்கள் திறந்தே இருக்கும், கழன்ற கொழுப்பு காற்றோடு போக வேண்டுமல்லவா! முடிந்ததும் பின்வாசலில் இன்னொரு தராசு, இன்னொரு திரை. விலக்கினால் மூன்று கிலோ குறைந்திருக்கும். ஆண், பெண், கிழவர், குமரர் எல்லோருக்கும் அதே மூன்று. கொழுப்புக்கு அப்படியொரு சமத்துவ உணர்ச்சி.

ஒரே ஒரு விதி. பின்வாசல் வழியாகப் போனவர் திரும்பி முன்வாசலுக்கு வரக்கூடாது. வந்தால் கரைந்தது ஒட்டிக்கொள்ளும்.

“அடுத்த தடவை வரும்போது பழைய எடையே காட்டுதே மாஸ்டர்?” என்று ஆரம்பத்தில் ஒருவர் கேட்டார்.

மாஸ்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “தெருவுல நடந்து போனீங்களா?”

“ஆமா.”

“நாலு பேர் பார்த்திருப்பாங்களே?”

“பார்த்தாங்க.”

“அப்புறம் என்ன? கண்ணேறு! பொறாமைக் கண்ணு பட்டா போனது திரும்பி வரத்தான் செய்யும். நீங்க இன்னும் வாங்க.”

கேட்டவர் மெய்சிலிர்த்துப் போனார். தன்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் சொல்லக் கேட்கிறார். வராமல் இருப்பாரா?

கூடத்துக்கு நேர் எதிரே ஒரு தையல்கடை. கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘அரை இஞ்ச்’. எதைத் தைத்தாலும் உள்ளே அரை இஞ்ச் துணி மடக்கி விடுவார். “மனுஷ உடம்பு, நாளைக்கு எப்படி இருக்குமோ” என்பார். அவர் மனைவி கடையின் மூலையில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள்.

எதிர்மாடியில் கொழுப்பு கரையத் தொடங்கியதும் அரை இஞ்சுக்கு யோகம் அடித்தது. கரைந்தவர்களெல்லாம் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் வங்கி மேனேஜர்.

“இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிச்சிடு டெய்லர்.”

“ஒரு தடவை அளந்து பாத்துடட்டுமா சார்?”

“எதுக்குய்யா? தராசு முள்ளே சொல்லிடுச்சு. முள்ளைவிட நீ பெரிய ஆளா?”

அரை இஞ்ச் அப்படியே பிடித்துக் கொடுத்தார். வேலை மேல் வேலை. வாய் கொள்ளாத சந்தோஷத்தில் மனைவியிடமும் சொன்னார்: “ஊரே போகுது. நீயும் ஒரு தடவை போய்த்தான் பாரேன்.”

சொன்ன வாயைப் பிறகு பலமுறை நொந்துகொண்டார்.

ஏனென்றால் அவளுக்கு அந்தக் கூடம் தேவையே இல்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “நடங்க” என்றார். “எவ்வளவு நடக்கணும்?” என்று இவள் கேட்டாள். “நாளைக்கும் நடக்கணும்னு ஆசை வர்ற அளவுக்கு. அதுக்கு மேல இன்னிக்கு வேண்டாம். பிடிச்ச ஆளோட நடங்க” என்றார் டாக்டரம்மா. பிடித்த ஆள் அடுத்த தெரு மருந்துக்கடை அக்கா. காலையில் இருவரும் வாய்க்கால் கரையோரம் நடப்பார்கள். ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காமல் பேசித் தீர்ப்பார்கள். முதலில் அரசமரம்வரை, பிறகு பாலம்வரை, பிறகு பாலத்தைத் தாண்டி. பேச்சு நீள நீள நடையும் நீண்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததையும் பயிற்சிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சர்க்கரை சொன்னபடி கேட்டது. ஒற்றைக் கையால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைப்பாள்.

அப்படிப்பட்டவளை மாஸ்டர் முதல் நாளே கேட்டார்: “நடக்கிறீங்களா? ஐயையோ! வேர்வையில சக்தி ஒழுகிடுமே! மாத்திரை வேறயா? மாத்திரை சக்தியைக் கட்டிப் போட்டுடும். ரெண்டையும் விடுங்க.”

விட்டாள். வாரத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்தாள். மாஸ்டர் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார். அதில் கரைந்ததை மட்டும் கூட்டுவார்கள், திரும்பி வந்ததைக் கழிக்க மாட்டார்கள். ஆறு வாரத்தில் அவள் அட்டையில் முப்பத்தாறு கிலோ. அட்டையை நம்பினால் அவளில் பாதி காணாமல் போயிருக்க வேண்டும். முழுசாகத்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

இதற்கிடையில் வங்கி மேனேஜரின் கால்சட்டைப் பொத்தான் தெறித்தது. அதுவும் மேலதிகாரி வந்திருந்த அன்று, குனிந்து வணக்கம் சொல்லும் நேரத்தில். பொத்தான் போய் மேலதிகாரியின் தேநீரில் விழுந்ததாகக் கேள்வி. மேனேஜர் மறுநாள் கடை வாசலில் நின்று கத்தினார்.

“நல்லா இருந்த துணியைக் கெடுத்துட்டியேய்யா!”

“நீங்கதானே சார் ரெண்டு இஞ்ச் பிடிக்கச் சொன்னீங்க?”

“நான் இளைச்சிருக்கேன்! துணி எப்படிய்யா பத்தாமப் போகும்?”

அருமையான கேள்வி. அதை அவர் தன் வயிற்றைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். டெய்லரைப் பார்த்துக் கேட்டார். அவரைத் தொடர்ந்து இன்னும் எட்டுப் பேர். ஒருவருக்குத் தோள் கிழிந்தது, ஒருவருக்கு எங்கே கிழிந்தது என்று சொல்ல முடியாது. விஷயம் மாஸ்டர் காதுக்குப் போயிற்று. அவர் அன்றே அருள்வாக்கு சொன்னார்: “இடுப்பை அளக்கிறவன் கண்ணு மாதிரி கெட்ட கண்ணு உலகத்துலயே கிடையாது. அவன் டேப் பட்ட இடத்துல கரைஞ்சது திரும்பி வந்துடும்.”

அவ்வளவுதான். கொழுப்பு திரும்பி வந்த பழி முழுதும் அரை இஞ்ச் தலையில் விழுந்தது. ஜனங்கள் கடையைத் தாண்டும்போது வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு போனார்கள். இருபது வருஷ வாடிக்கைக்காரர் ஒருவர் எதிர்ப்பக்க நடைபாதைக்கே மாறிவிட்டார். மிஷின் ஓசை நின்றது.

ஒரு மத்தியானம் மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், “என்னங்க, கண்ணு இருட்டுது” என்றாள். ஊசி கையிலிருந்து நழுவியது. அப்படியே சுவரில் சாய்ந்தாள். அரை இஞ்ச் பதறிப்போய் மருந்துக்கடை அக்காவைக் கூட்டிவந்தார். அக்கா விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்னக் கருவியில் வைத்தாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. என்னடி பண்ணி வச்சிருக்கே? மாத்திரை போடலையா?”

“ஆறு வாரமாச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் தனியா வாய்க்கால் கரையில மரத்தோட பேசிட்டு நடக்கிறேன்.”

அக்கா போனதும் அரை இஞ்ச் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இடுப்பைச் சுற்றி அளந்தார். இரண்டு இஞ்ச் கூடியிருந்தது.

“பாரும்மா. முப்பத்தாறு கிலோ போன இடத்துல ரெண்டு இஞ்ச் ஏறுமா?”

“உங்க டேப்பே சரியில்லன்னு ஊரே சொல்லுது.”

“இருபது வருஷம் இந்த டேப்தான் நமக்குச் சோறு போட்டுச்சு.”

“மாஸ்டர் பொய் சொல்லுவார்னே வச்சுக்குங்க. தராசு முள்ளு பொய் சொல்லுமா? அதுக்கு என்ன வந்துச்சு?” கேட்கும்போதே அவள் குரல் உடைந்தது. “நீங்கதானே போகச் சொன்னீங்க?”

அவர் டேப்பைச் சுருட்டினார். எதிரே மேசையில் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கரி போட்டுச் சூடேற்றும் பழைய வார்ப்பிரும்புப் பெட்டி. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். ‘முள்ளு பொய் சொல்லுமா’ என்ற கேள்வி மண்டைக்குள் குடைந்தது. கேள்வி குடையும் மண்டைகள் அந்தத் தெருவில் அன்று குறைவு. அதனால் அவருக்கே அது புதுசாக இருந்தது.

“சரி. நீ இன்னிக்கு ராத்திரியிலிருந்து மாத்திரையைப் போடு. ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோட மாஸ்டர்கிட்ட வர்றேன்” என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. “இப்பவாவது புத்தி வந்துச்சே!”

அந்த ஞாயிறு ‘சாட்சி நாள்’. கரைந்தவர்கள் மைக் பிடித்துச் சாட்சி சொல்வார்கள். அன்றைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. நேரில் வர முடியாத நோயாளிகள் உடுத்திய துணியை மூட்டை கட்டி அனுப்பலாம். மாஸ்டர் மூட்டைக்கு அருள் கொடுப்பார். மூட்டை எடை குறைந்தால் ஆளும் எங்கேயோ படுத்தபடி குறைவார். கட்டணம் மட்டும் இரட்டிப்பு. தூரம் போகிற அருள் அல்லவா, வழிச்செலவு இருக்காதா?

சனிக்கிழமை அரை இஞ்ச் இஸ்திரிப் பெட்டியைக் கழுவித் துடைத்துத் தபாலாபீஸுக்கு எடுத்துப் போனார். பார்சல் தராசில் வைக்கச் சொல்லி, எடையைச் சீட்டில் எழுதி முத்திரை வாங்கிக்கொண்டார். ஆறு கிலோ. சீட்டைப் பெட்டி மேல் ஒட்டி, நோயாளியின் துணிமூட்டை போலச் சுற்றிலும் ஒரு மெல்லிய வேட்டித் துண்டை மட்டும் இறுகக் கட்டினார்.

ஞாயிறன்று கூடம் பிதுங்கியது. வெள்ளைச் சட்டைக்காரர் மூட்டையைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

“யாருக்கு?”

“வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார். அப்பா காலத்துலேர்ந்து எங்களோடதான்.”

“வயசு?”

“எழுபதுக்கு மேல.”

“உடம்புக்கு என்ன?”

“உட்கார வச்சா உட்கார்ந்த இடம்தான். சட்டுனு சூடாயிடுவார்.”

“ரத்தக் கொதிப்பு” என்று எழுதிக்கொண்டார் வெள்ளைச் சட்டை. “என்ன சாப்பிடுவார்?”

“கரி.”

“கறியா! அதான் விஷயம். தினமுமா?”

“காலையில எழுந்ததும் அதுதான்.”

வெள்ளைச் சட்டைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. “அப்பா! என்ன அண்ணே இந்தக் கனம்?”

“பாரத்தைச் சுமந்தே பழகினவர்.”

மூட்டை தராசில் ஏறியது. திரை விலகியது. ஏழரைக் கிலோ. அரை இஞ்ச் கண்ணைச் சிமிட்டவில்லை. மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் மனைவி கண்ணை மூடி உட்கார்ந்தாள். மாஸ்டர் வந்தார். மூட்டையின்மேல் இரண்டு கையையும் வைத்து ஊதினார்.

“இந்தப் பெரியவருக்கு மனசு இளகின மனசு. அதான் கொழுப்பு உள்ளுக்குள்ள தேங்கிடுச்சு. இப்ப ஓடுது பாருங்க... கரையுது... என் கைக்குத் தெரியுது!”

நாற்பது நிமிஷம் கழித்து மூட்டையைப் பின்வாசல் தராசில் ஏற்றினார்கள். திரை விலகியது. நாலரை.

“மூணு கிலோ!” மாஸ்டர் மைக்கில் முழங்கினார். “ஆள் எங்கேயோ இருக்கார், இங்க கரைஞ்சுட்டார்!” கூடம் அதிரக் கைதட்டல். அரை இஞ்சின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

“எல்லாரும் பெரியவரை ஒரு தடவை பாத்துடுங்க” என்று சொல்லி அரை இஞ்ச் முடிச்சை அவிழ்த்தார்.

வார்ப்பிரும்பு பளபளத்தது. தபாலாபீஸ் சீட்டை உரக்கப் படித்தார். “நேத்து சர்க்காரு தராசுல ஆறு கிலோ. இங்க வரும்போது ஏழரை. உட்கார்ந்து எழுந்ததும் நாலரை. மாஸ்டர், இதுல எந்த இடத்துல கொழுப்பு இருந்துச்சு? கைப்பிடியிலயா, மூடியிலயா?”

இப்போதாவது எல்லோருக்கும் உறைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நினைக்காதீர்கள். வங்கி மேனேஜர் மெல்ல எழுந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“இரும்பையே மூணு கிலோ கரைச்சிருக்கார்! இதைவிட என்னய்யா சாட்சி வேணும்?”

கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. வியர்த்துப்போயிருந்த மாஸ்டருக்கு உயிர் வந்தது. “இரும்புக்குள்ளேயும் பாரம் உண்டு, பக்தர்களே...” என்று ஆரம்பித்தார். அரை இஞ்ச் திகைத்து நின்றார். முட்டாள்தனத்துக்கு முன்னால் அவர் கொண்டுவந்த இரும்பு இளகித்தான் போயிற்று.

அப்போது அவர் மனைவி எழுந்து வந்தாள். பெட்டியைத் தூக்கினாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. பெட்டியைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள்.

“இருபது வருஷமா தூக்குறேன். இதோட கனம் எனக்குத் தெரியாதா? இது ஒரு குன்றுமணி குறையல. நான்தான் குறைஞ்சு போயிருக்கேன்” என்றாள்.

சொல்லிவிட்டுப் பின்வாசலிலிருந்து முன்வாசலைப் பார்த்து நடந்தாள்.

“அம்மா! திரும்பி நடக்கக் கூடாது! கரைஞ்சதெல்லாம் ஒட்டிக்கும்!” என்று மாஸ்டர் அலறினார்.

“ஒட்டட்டும்.”

முன்வாசல் தராசில் வைத்தாள். ஏழரை. மறுபடி பின்வாசலுக்கு நடந்தாள். நாலரை. மறுபடி முன்வாசல். ஏழரை. அருள் இல்லை, நாற்பது நிமிஷம் இல்லை, கண்ணேறும் இல்லை. போகும்போது இளைத்தது, வரும்போது பெருத்தது. மூன்றாம் நடையில் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, வெறும் தராசின் திரையைப் பிடித்து இழுத்தாள். மேலே யாருமே இல்லை. முள் ஒன்றரையில் நின்றது. பின்வாசலில் அதே போல இழுத்தாள். அங்கே முள் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றரை தொங்கியது.

“முள்ளு பொய் சொல்லல. முள்ளைத் திருகினவன்தான் சொல்லியிருக்கான்” என்றாள் அவள்.

வங்கி மேனேஜர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். வயிறு அவரைப் பார்த்தது. பல வாரங்களுக்குப் பிறகு நடந்த நேர்முகச் சந்திப்பு.

அதற்குள் மாஸ்டர் படிக்கட்டில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். இரண்டிரண்டு படியாக. அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக உடற்பயிற்சி செய்தார். “பிடிங்கடா!” என்று ஐம்பது பேர் துரத்தினார்கள். ஆனால் ஆறு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து கரைந்தவர்கள் அல்லவா! முதல் வளைவில் பாதிப் பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாம் வளைவில் மீதிப் பேர் உட்கார்ந்தே விட்டார்கள். மாஸ்டரும் தெருவைத் தொடும்போது நாக்குத் தள்ள நின்றார்.

எதிரே மருந்துக்கடை அக்கா மூச்சுக்கூட வாங்காமல் நின்றுகொண்டிருந்தாள். தோழிக்கு மாத்திரை கொண்டுவந்தவள்.

“எங்க ஓடுறீங்க மாஸ்டர்? வேர்வையில சக்தி ஒழுகுது பாருங்க” என்று சட்டைக் காலரைப் பிடித்தாள். போலீஸ் வரும்வரை விடவில்லை.

தராசு இரண்டும் ஸ்டேஷனுக்குப் போயின. மனைவிக்குச் சர்க்கரை இறங்க ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. முதல் நாள் அரசமரம்வரைகூட அவளால் நடக்க முடியவில்லை. “இன்னிக்கு இவ்வளவு போதும்டி” என்று அக்கா அவளை அங்கேயே உட்கார வைத்து, ஆறு வாரத்து ஊர்வம்பையும் சொல்லித் தீர்த்தாள்.

இப்படியாக ஊருக்குப் புத்தி வந்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மறுவாரம் ஒரு காலையில் அரை இஞ்ச் கடையைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. துணி யார் கையிலும் இல்லை. முன்னால் வங்கி மேனேஜர். அரை இஞ்சைக் கண்டதும் தடாலென்று முட்டி போட்டார்.

“எங்க கண்ணைத் திறந்தவரே! அந்த ஆள் போலி. நீங்கதான் அசல். உங்க கையால என் தலையைத் தொட்டா இளைச்சிடுவேன்னு மனசு சொல்லுது.”

அரை இஞ்ச் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பின்னாலிருந்தவர்களும் முட்டி போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முதல்ல எழுந்திரிங்க சார்.”

மேனேஜர் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையால் கதவைப் பிடித்து, முக்கி முனகி ஒருவழியாக எழுந்தார். முகம் சிவந்து வேர்த்தது.

“கஷ்டமா இருந்துச்சா?”

“ரொம்ப.”

“அதுதான் பயிற்சி. இன்னிக்கு ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க. அலுக்கலன்னா நாளைக்கு மூணு. பிடிச்ச பாட்டைப் போட்டுக்கிட்டுச் செய்யுங்க. ஆனா ஒண்ணு சார்...”

“சொல்லுங்க மாஸ்டர்!”

“முட்டி போட்டு எழுந்திரிக்கிறது உடம்புக்கு நல்லதுதான். அதுக்கு எதிர்ல ஒருத்தன் எதுக்கு நிக்கணும்? அதைக் கொஞ்சம் யோசிங்க.”